திருக்கோணமலையில் ஒரு மினுக்கு வித்தை

திருக்கோணமலைக்குச் செல்கிறவர்கள் கோணேசர் கோயிலைத் தரிசிப்பார்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நீர் அள்ளி வார்ப்பார்கள். நிலாவெளி மணலில் ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பார்கள். நானோ சென்ற ஆண்டு இருபத்திரண்டு நாட்கள் அங்கே தங்கியிருந்தும் இவற்றில் ஒன்றையேனும் ஒழுங்காகச் செய்தேனல்லேன். காலையில் எழுந்ததும் ஒரு பழைய காரைத் தேய்க்கத் தொடங்குவேன். பொழுது சாய்ந்த பின்னரே கையை எடுப்பேன்.

கொழும்புக் கோட்டையில் இரவு புகையிரதம் ஏறினேன். கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று காட்டையும் வயலையும் கடந்து விடியற்காலையில் வண்டி கடலோரத்தில் வந்து நின்றது. அதற்கு அப்பால் போக வழியில்லை. இறங்கியவுடன் முகத்தில் வந்து ஒட்டுவது உப்புக் காற்று. அன்று அது எனக்கு இதமாகவே இருந்தது. அது என்ன செய்யும் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

உவர்மலையிலுள்ள எங்கள் பழைய வீட்டில் அப்பா இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. கண் பார்வை மிகவும் மங்கிவிட்டது. வீட்டின் பக்கத்துக் கொட்டிலில் அப்பப்பாவின் மொறிஸ் மைனர் நிற்கிறது. தங்கையின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மணப்பெண் அந்தக் காரிலேதான் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ரொறன்ரோவிலிருக்கும் என் தம்பி உடனே பணம் அனுப்பி, "பழைய பெயின்ரை எல்லாம் சுரண்டிப்போட்டு நல்ல சிவப்பு அடியுங்கோ" என்று சொல்லிவிட்டான். அப்பாவிடம் கேட்டேன். "செய்யிறதைச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போனார். அவருடைய குணம் அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

அந்தக் காரின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் என்ற பெயர் அதற்குண்டு. இலங்கையிலே ஆசிரியர், வைத்தியர், கந்தோர் உத்தியோகத்தர் ஆகியோரின் காராக அது நெடுங்காலம் விளங்கியது. பிற்காலத்தில் இங்கிலாந்திலுள்ள மைனர் அன்பர்களுக்காக உதிரிப் பாகங்கள் இலங்கையிலேயே செய்து அங்கு அனுப்பப்பட்டன என்றால், இந்நாட்டுக் கைவினைஞர்கள் அந்த வண்டியை எவ்வளவு தூரம் அறிந்திருந்தார்கள் என்பது புலனாகும்.

அப்பப்பா கடற்படைத் தளத்தில் களஞ்சியப் பகுதியில் வேலை பார்த்தவர். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் அத்தளத்தை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். ஊர் திரும்பிய அதிகாரிகள் மேசை, நாற்காலி, கிராமபோன் முதலியவற்றையெல்லாம் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அப்படி ஒருவர் விட்டுச்சென்ற சாம்பல் நிற மைனரை, வேலை நின்றபோது கிடைத்த பணத்தைக் கொண்டு அப்பப்பா வாங்கினார். வேலை போன மனிதன் கார் வாங்குவதா என்று அப்பம்மா மூன்று நாள் பேசாமல் இருந்தாராம். 1984இல் அவர் இறக்கும்வரை அந்தக் கார்தான் அவருடைய கௌரவம். பின்சீற்றில் இருந்து பார்த்தால் அவருடைய நரைத்த தலையும், கதவின் மேல் விளிம்பில் ஊன்றிய வலது முழங்கையும் தெரியும். கார் ஓடினாலும் நின்றாலும் அந்த முழங்கை அங்கேதான் இருக்கும்.

பின்னர் யுத்த காலம். 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது காரைக் கிடுகினால் மூடி வேம்பின் கீழ் விட்டுச் சென்றோம். திரும்பி வந்தபோது கண்ணாடி இரண்டு இல்லை, ரயர் நாலும் இல்லை, கார் இருந்தது. அப்பா சிறுகச் சிறுகத் திருத்தி ஓடவைத்தார். பெயின்ரை மட்டும் ஒருவரும் தொடவில்லை. சாம்பல் நிறம் வெளிறி, சுண்ணாம்புச் சுவர்போல ஆகியிருந்தது. சாய்ந்தால் வேட்டியில் ஒட்டும்.

பெயின்ற் அடிப்பவர் ஒருவரை விசாரித்தபோது எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், தகரக் கூரை வேய்ந்த சிறிய கராச். அதை நடத்துபவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஊரில் அவரை எல்லோரும் 'நானா' என்றே அழைக்கிறார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நாள்தோறும் பாதையில் ஏறி அக்கரை சேர்ந்து வேலைக்கு வந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து அவருடைய கருவிகள் யாவற்றையும் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு கடல் நீர் புகுந்த வண்டிகளைக் கழுவித் துடைத்தே மறுபடியும் தொழிலை நிலைநிறுத்தினார் என்று சொன்னார்கள்.

நானா காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியில் சிறிது கம்பவுண்ட் தொட்டு, பின்பக்கத்து மூலையில் கையகல இடத்தைப் பத்துத் தடவை தேய்த்தார். துணியில் சாம்பல் நிறம் ஏறிற்று. தேய்த்த இடத்திலோ, பழைய அழுக்கைக் கழற்றி எறிந்தாற்போல, எனக்குச் சிறு வயதில் தெரிந்த அந்த நிறம் வந்து நின்றது.

"துணியில கலர் வருது பாத்தீங்களா தம்பி? கம்பனிப் பெயின்ற். மேல கிளியர் இல்ல. இதச் சுரண்டிச் சிவப்பு அடிக்கச் சொல்றீங்க. அடிக்கலாம். ஆனா இத எவனாலயும் திரும்பச் செய்ய ஏலாது."

அவர் சொன்னதை விளக்குகிறேன். இக்காலத்துக் கார்களில் நிறம் ஒரு மெல்லிய படை. அதன் மேல் கண்ணாடிபோன்ற இன்னொரு பூச்சு. அதைத்தான் கராச்சில் 'கிளியர்' என்கிறார்கள். அத்தகைய காரை மினுக்கும்போது துணியில் நிறம் ஏறாது. ஏறினால் கிளியர் கழன்றுவிட்டது என்று பொருள். பழைய கார்களிலோ நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சு. வெயில் அந்தப் பூச்சைப் பிணைத்து வைத்திருக்கும் பசையை மேலாகச் சிதைக்கிறது. பசை போனதும் நிறத்தூள் பிடிப்பின்றி மேலே நிற்கிறது. வேட்டியில் ஒட்டுவது அந்தத் தூள்தான். அதற்குக் கீழே நல்ல பெயின்ற் இன்னும் இருக்கும். கிழட்டுத் தோலை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மயிரிழையும் எடுக்கக்கூடாது. மயிரிழை என்பது உயர்வு நவிற்சியன்று. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். புதுக் காரில் பெயின்ற் முழுவதுமே 100 முதல் 150 மைக்ரோன்தான். கிளியர் அதில் நாற்பதோ ஐம்பதோ.

"நான் செய்தா ஒரு கிழம. நீங்க செய்தா மூணு கிழம. எனக்கிப்ப தோள் ஏலாது. நீங்க செய்ங்க, நான் பாத்துச் சொல்றன்" என்றார். நான் ஓய்வு கேட்டு வீட்டிலிருக்கும் இரசாயன ஆசிரியன். எனக்கு வேறு வேலையுமில்லை.

முதல் இரண்டு நாளும் கழுவுதல். இதில் என்ன இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள் திருக்கோணமலையில் ஒருமுறை கார் கழுவிப் பார்க்கவேண்டும். அங்கே காற்று கொண்டுவந்து படியவைப்பது உப்பும் நுண்மணலும். வறண்ட துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்ததற்குச் சமம். ஆகையால் முதலில் மேலிருந்து கீழாக வெறும் நீரை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் சவர்க்கார நீர், மற்றதில் நல்ல நீர். துணியை ஒவ்வொரு தடவையும் நல்ல நீரில் அலசிய பின்னரே சவர்க்கார நீரில் தோய்க்கலாம். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சூடேறிய தகட்டில் நீர் காய்ந்தால் வட்ட வட்டமாக உப்பு நின்றுவிடும். அப்பா முன்பெல்லாம் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து துடைப்பார். ஒரு மணி நேரம் பளபளக்கும். பிறகு ஊரிலுள்ள புழுதி முழுவதும் அதில் வந்து குடியேறும். இதை நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்த எண்ணெய்தான் பெயின்ரை இவ்வளவாவது காப்பாற்றியிருக்கும் என்றார். அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

கழுவிய பின் ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கைக்குறை போல மாட்டிக்கொண்டு தகட்டைத் தடவச் சொன்னார். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தோன்றிய இடம் பையினூடாகச் சொரசொரத்தது. வேம்பின் பால், காகத்தின் எச்சம், துருத்தூள் எல்லாம் பெயின்ரில் புதைந்திருந்தன. அவற்றை எடுப்பதற்கென்று ஒருவகைக் களி இருக்கிறது. சவர்க்கார நீர் தெளித்து, மாவுருண்டை போன்ற அந்தக் களியைத் தட்டி மெல்ல உருட்டினால் அழுக்கை அது தன்னோடு எடுத்துக்கொள்ளும். நிலத்தில் விழுந்துவிட்டால் அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டும். நான் இரண்டு துண்டுகளை எறிந்தேன்.

ஒரு நாள் விடியலில் நானா என்னை நடக்க அழைத்தார். திருக்கோணமலைப் பட்டினத்தின் அமைப்பு அபூர்வமானது. ஒருபுறம் உட்துறைமுகம், மறுபுறம் டச்பேக் கடற்கரை, இடையே ஒடுங்கிய நிலம். சில நிமிட நடையில் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போய்விடலாம். உட்துறைமுகத்தில் காற்றில்லை. எதிர்க்கரைக் குன்றுகளும் ஒரு வள்ளமும் தலைகீழாக நீரில் அப்படியே நின்றன. பிறகு டச்பேக்கு வந்தோம். சிறிய அலைதான்; ஆயினும் நீரில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் மினுமினுப்பு மட்டும்.

"ரெண்டும் தண்ணிதான். அதுல முகம் தெரியுது, இதுல தெரியல்ல. பெயின்ற்ல மினுக்கம் எண்டு ஒரு சாமான் பூசுறதில்ல தம்பி. அலைய எடுக்கிறதுதான் வேல."

பாடசாலையில் ஒளித்தெறிப்பைப் படிப்பிக்க நான் பல வருடங்களாகப் பலகையில் கோடு கீறியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த 'அலையை எடுக்கும்' வேலை படிப்படியானது. 'வோட்டர் பேப்பர்' என்னும் நீர்த்தாளில் இலக்கம் கூடக்கூட நயம் கூடும். 1500, பிறகு 2000. இரண்டையும் நீரில் ஊறவைத்து, இறப்பர்க் கட்டையில் சுற்றி, கையின் பாரம் மட்டும் படும்படி இழுக்க வேண்டும். தகடு மங்கிப் பால்போல் ஆகும். அது கண்டு அஞ்சக்கூடாது. அதன் மேல் கம்பவுண்ட் வந்து நீர்த்தாளின் கீறல்களை எடுக்கும். கம்பவுண்டின் கீறல்களைப் பொலிஷ் எடுக்கும். ஒவ்வொரு படியும் முந்திய படி விட்ட காயத்தை அதனினும் சிறிய காயத்தால் அழிப்பதே. கடைசியில் மிஞ்சும் காயம் கண்ணுக்குத் தெரியாத அளவினதாகிவிடும். இப்போது கடைகளில் புட்டியிலிருந்து விசிறி ஐந்து நிமிடத்தில் பளபளக்கச் செய்யும் திரவங்கள் கிடைக்கின்றன. அவை பள்ளங்களை நிரப்பி மறைப்பவை; நாலு மழைக்குப் பிறகு பழைய கதைதான். அவற்றுட் பலவற்றிலுள்ள சிலிக்கோன் தகட்டில் தங்கிவிட்டால், பின்பு புதுப் பெயின்ற் அடிக்கும்போது அது ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். கராச்காரர் அதை 'மீன்கண்' என்பார்கள்.

பதினோராம் நாள் எனக்குக் கர்வம் வந்தது. கதவுகளும் பொனற்றும் முடிந்திருந்தன. இடது மட்காட்டின் விளிம்பில் ஒரு கீறல் போகாமல் நின்றது. நானா தேநீர் குடிக்கப் போயிருந்த சமயம், எந்திரத்தைப் போட்டு அழுத்தினேன். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ற் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே ரேப் ஒட்டி மறைத்த பின்னரே எந்திரம் தொடவேண்டும் என்று அவர் முதல்நாளே சொல்லியிருந்தார். கண்மூடித் திறப்பதற்குள் சாம்பல் நிறத்தின் நடுவே காசளவில் செங்கபிலமாக அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது. எழுபது வருடம் வெயிலும் யுத்தமும் எடுக்காததை நான் ஒரு நொடியில் எடுத்துவிட்டேன்.

நானா வந்து பார்த்தார். ஏசவில்லை. கம்பவுண்ட் டின்னை மூடிவைத்துவிட்டு, "இண்டைக்குப் போதும்" என்றார். அன்று இரவு எனக்கு நித்திரையில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, கராச் பூட்டு. சைக்கிளை எடுத்துக்கொண்டு சீனக்குடாப் பக்கம் போனேன். அங்கே காட்டுக்குள் பிரித்தானியக் கடற்படை யுத்தத்துக்கு முன் அமைத்த எண்ணெய்க் குதங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாளிகையளவு, வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு குதம் எரிந்து அழிந்தது. 99 குதங்கள் இன்றும் இருக்கின்றன. பயன்படுத்தப்பட்டவை பூச்சுடன் நிற்க, காட்டிடம் விடப்பட்டவற்றின் மேல் கொடிகள் ஏறியிருந்தன. பூச்சுப் போன இடத்தில் இரும்பு பேஸ்ரி போல் அடுக்கடுக்காக உரிந்திருந்தது. பெயின்ற் அழகுக்காக என்று அதுவரை நினைத்திருந்தேன். உப்புக் காற்றுக்கும் இரும்புக்கும் இடையில் அது ஒன்றுதான் நிற்கிறது.

சனிக்கிழமை நானா சிறு புட்டிகளில் வெள்ளை, கறுப்பு, சிறிது மஞ்சள் என்று எடுத்து அந்தச் சாம்பலைக் கலந்தார். நான்கு தடவை கலந்து, நான்கு தடவை வெயிலில் வைத்துப் பார்த்து, ஐந்தாவதில் தலையசைத்தார். வெள்ளைப் புட்டியைக் காட்டி, "இது எங்கத்தச் சாமான் தெரியுமா? நம்மட மண்" என்றார். அது உண்மைதான். பெயின்ரின் வெண்மை தைத்தேனியம் ஈரொட்சைட்டினால் வருவது. அதற்கு மூலமான இல்மனைற் என்னும் கரிய மணல், திருக்கோணமலைக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் புல்மோட்டைக் கரையில் குவிந்து கிடக்கிறது. 1957இல், அதாவது வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போன அதே ஆண்டில், அதனை அகழ்வதற்கு அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று அமைந்தது. கரிய மணலைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதன் வெண்மையைப் புட்டியில் அடைத்து விலைக்கு வாங்குகிறோம். இதைப் பற்றி மாணவர்களுக்கு நான் படிப்பித்ததுண்டு. என் காரின் மேல் அது வந்து உட்காரும் என்று நினைத்ததில்லை.

நுனித் தூரிகையால் ஒரு படை வைத்து, காயவிட்டு, அடுத்த நாள் இன்னொரு படை. இப்படி ஐந்து நாள். பிறகு நீர்த்தாளை விரல் நுனியில் மடித்து அதைச் சமப்படுத்தினோம். நேரே நின்று பார்த்தால் தெரியாது. மாலை வெயிலில் சாய்ந்து பார்த்தால் எனக்குத் தெரியும்.

இனி எஞ்சியிருந்தது வலக்கதவின் மேல் விளிம்பு. அங்கே ஒரு சாணளவு நீளத்துக்குப் பெயின்ரே இல்லை. அப்பப்பாவின் முழங்கை இருபத்தாறு வருடம் தேய்த்த இடம். எந்த நீர்த்தாளாலும் அவ்வளவு நயமாகத் தேய்த்திருக்க முடியாது. சாம்பல் மெல்ல மெல்ல மறைந்து, அடிப்பூச்சு தோன்றி, நடுவில் பெருவிரலளவு இரும்பு வெண்மையாகத் தெரிந்தது. தம்பி கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, அந்த இடம் அசிங்கமாக் கிடக்கு, கல்யாணப் படத்திலையும் விழும். அதையும் நிரப்புங்கோ" என்றான். கலந்த சாம்பலும் மிச்சமிருந்தது. நிரப்புவதென்றால் அரைநாள் வேலை. இரும்பு தெரியும்படி விடுவதென்றாலோ சீனக்குடாவில் கண்டதுதான் நடக்கும்.

நான் நானாவைப் பார்த்தேன். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, "ஆர்ர கை?" என்று கேட்டார்.

"அப்பப்பாவின்ர."

அவர் உள்ளே போய் ஒரு சிறு டின் கிளியரை எடுத்து வந்தார். அந்த இடத்துக்கு மட்டும், நிறமில்லாமல், மெல்லிய இரண்டு பூச்சு. உப்புக் காற்று இரும்பைத் தொடாது. தேய்ந்தது தேய்ந்தபடி இருக்கும். தம்பிக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பூச்சு காய்ந்துவிட்டது.

இறுதியில் மெழுகு. பிரேசில் நாட்டில் ஒருவகைப் பனையின் ஓலையில் படிவது கார்னோபா மெழுகு. கடும் வெயிலில் தன் ஈரம் போகாதபடி அந்த மரம் தனக்குப் பூசிக்கொள்வது. எங்கள் பனையும் அதன் உறவுதானே என்று எண்ணிக்கொண்டேன். மெல்லப் பூசி, மங்கும்வரை காத்திருந்து, பழைய பருத்திச் சாரத்தால் துடைத்தேன். கொட்டிலுக்கு வெளியே நின்ற வேம்பு, கிளையும் இலையுமாகப் பொனற்றில் விழுந்தது.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையைப் பொனற்றில் வைத்து மெல்ல நடந்தார். இடது மட்காட்டில் நான் மறைத்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. சுற்றிவந்து வலக்கதவைத் தொட்டார். கை விளிம்பு வழியே போய் அந்தத் தேய்ந்த பள்ளத்தில் விழுந்தது. அங்கேயே நின்றார். பிறகு பொல்லை என்னிடம் நீட்டிவிட்டு, வலது முழங்கையைத் தூக்கி அதில் வைத்துப் பார்த்தார்.

"இது அப்ப என்ர தோளுக்கு வரும்" என்றார்.

சிறிது நேரம் கழித்து, "நாளைக்கு ஆர் ஓட்டுறது?" என்று கேட்டார்.